வண்டி இழுக்கலையா? எஞ்சினைப் பிரிக்கறதுக்கு முன்னாடி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா இருக்கட்டும்னு பேச்சைக் கொஞ்சம் சுருக்கி, வரிசைப்படுத்தியிருக்கோம்.)

இந்த முறை வந்த வாய்ஸ் நோட்டுகள்ல ஒண்ணு பாபநாசத்திலேர்ந்து. சினிமாவுல வந்த திருநெல்வேலிப் பக்கத்துப் பாபநாசம் இல்ல. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவுல இருக்கற பாபநாசம். அனுப்பின தம்பி இன்ஜினியரிங் படிக்கறார். அவரும் மூணு ஃப்ரெண்ட்ஸும் சேர்ந்து ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார் கட்டியிருக்காங்க. இரும்புக் குழாய் ஃபிரேம், ஃபைபர் பாடி, டிரைவருக்குப் பின்னாடி பழைய மாருதி 800-லேர்ந்து இறக்கின கார்புரேட்டர் எஞ்சின்.

நின்ன இடத்துல எஞ்சின் அழகா ஓடுதாம். ஆக்சிலரேட்டரை மிதிச்சா நடுவுல ஒரு தயக்கம். நீளமான வளைவுல இருமுது. காலையில பரவாயில்ல, மதியம் ரெண்டு மணிக்கு எடுத்தா இழுவையே இல்ல. ஒரு மெக்கானிக், போர் தேஞ்சிருக்கும், எஞ்சினை இறக்கிடலாம்ங்கறார். இன்னொருத்தர் கார்புரேட்டரையே மாத்தச் சொல்றார். கையில இருக்கற காசு ரெண்டுல ஒண்ணுக்குத்தான் வரும். எதைச் செய்யறதுன்னு கேக்கறார்.

இப்போதைக்கு ரெண்டுமே வேண்டாம். ஏன்னா, அந்தக் கார்ல கம்பெனிக்காரங்க வடிவமைச்ச பெரிய பொருள் எஞ்சின் ஒண்ணுதான். டேங்க், பெட்ரோல் லைன், ரேடியேட்டர், ஒயரிங், ஆக்சிலரேட்டர் கேபிள் எல்லாம் இவங்க கட்டினது. ஊர் மாறி வந்த ஆளுக்கு வயித்துவலின்னா உடனே ஆபரேஷன் பண்ண மாட்டோம், முதல்ல தண்ணியைச் சந்தேகப்படுவோம் இல்லையா? அதுமாதிரிதான்.

40 குதிரை போதுமா?

அதுக்கு முன்னாடி இன்னொரு கேள்வி. மாருதி 800 எஞ்சினை வெச்சு ஸ்போர்ட்ஸ் காரான்னு நிறைய பேர் சிரிப்பாங்க. 796 சிசி, மூணு சிலிண்டர், 40 குதிரைத்திறனுக்கும் கீழ.

பிரிட்டன்ல காலின் சாப்மன் 1957-ல லோட்டஸ் செவன் காரைக் கொண்டுவந்தார். முழு காரா வித்தா வாங்கறவர் வரி கட்டணும். பாகங்களா வித்து வீட்டுல பூட்டிக்கச் சொன்னா அந்த வரி கிடையாது. கிட் கார்ங்கற கலாச்சாரத்துக்குப் பெரிய தள்ளு கொடுத்தது அந்த வரி விதிதான். எஞ்சின் சாதாரணம்தான், ஆனா கார் சுமார் 500 கிலோ. 1973-லேர்ந்து அதே காரைக் கேட்டர்ஹாம் கம்பெனி செஞ்சுட்டு வருது. நம்ம நாட்டுலயும் மகாராஷ்டிராவுல சிங்காரா மோட்டார்ஸ் இதே பாணியில ஒரு ரோட்ஸ்டர் கட்டினாங்க. கான்டெஸாவுல வந்த அதே இசுசு 1.8 லிட்டர் குடும்பத்து எஞ்சின் அதுல.

தமிழ்நாட்டுக்கு வந்தா, கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். 1988-ல மாருதி 800 எஞ்சினை வெச்சு ஒத்தை சீட் ரேஸ் கார் கட்டினார். அதுதான் ஃபார்முலா மாருதி. எல்லாருக்கும் ஒரே சாதாரண எஞ்சின், அதனால ஓட்டறவர் திறமைதான் பேசணும்ங்கறது ஐடியா. இந்தியாவிலேர்ந்து ஃபார்முலா 1-க்குப் போன முதல் ஆள் நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்துல ஓட்டினது அதைத்தான். கரிவரதன் 1995-ல விமான விபத்துல இறந்துட்டார். செட்டிப்பாளையத்துல 2003-ல திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்லதான் இருக்கு. அதனால மாருதி எஞ்சினை வெச்சுக் கட்டறதைப் பார்த்து யாராவது சிரிச்சா, இந்தப் பேரைச் சொல்லுங்க.

கணக்கும் சொல்லிடறேன். மாருதி 800 சுமார் 650 கிலோ. 37 குதிரைன்னு வெச்சா டன்னுக்கு 57. அதே எஞ்சின் 450 கிலோ கார்ல உக்காந்தா டன்னுக்கு 82. அதுல இன்னும் 45 கிலோவைக் குறைச்சா, எஞ்சினைத் தொடாமலே 4 குதிரை கூட்டின மாதிரி. இந்த எஞ்சின்ல 4 குதிரை கூட்டணும்னா கேம், ஹெட், கார்புரேட்டர்னு எவ்வளவு செலவாகும்னு யோசிங்க. லைட் கார்ல டியூனிங்கோட முதல் கருவி எடைமேடை.

காசில்லாத வேலை முதல்ல

முதல் சோதனைக்கு ரெண்டு பேர் வேணும், ஒரு டார்ச் வேணும். எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு ஒருத்தர் ஆக்சிலரேட்டரை முழுசா மிதிக்கட்டும். இன்னொருத்தர் ஏர் ஃபில்டரைக் கழட்டிட்டு கார்புரேட்டருக்குள்ள பார்க்கணும். பட்டர்ஃப்ளை முழுசா நேரா திறக்குதா? எஞ்சினைப் பின்னாடி வெச்சா கேபிள் நீளமாகும், வளையும். முக்கால்வாசி திறந்துட்டு நின்னுடும். வண்டி இழுக்கலன்னு மாசக்கணக்கா ஜெட் மாத்திட்டு இருப்பாங்க. பெடல் தரையைத் தொட்டிருக்கும், பட்டர்ஃப்ளை பாதி தூக்கத்துல இருக்கும்.

அடுத்தது எர்த். மாருதியோட பாடி முழுக்க இரும்பு, அதுவே எர்த் ஒயர். ஃபைபர் பாடியில கரண்ட் திரும்பிப் போக வழி கிடையாது. ஒவ்வொண்ணுக்கும் நீங்கதான் ஒயர் இழுக்கணும். பேட்டரி முன்னாடி, எஞ்சின் பின்னாடின்னா இன்னும் மோசம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வெச்சு, ஒரு முனையை எஞ்சின் பிளாக்ல, இன்னொண்ணை பேட்டரி நெகட்டிவ்ல பிடிச்சுட்டு செல்ஃப் அடிங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினா எர்த் மோசம், ஸ்பார்க்கும் பலவீனமாத்தான் இருக்கும். மீட்டர் இல்லாமலே ஒரு அடையாளம் இருக்கு: ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள்ளு நகர்ந்தா, எஞ்சின் சூடாகல, எர்த் சரியில்ல.

மூணாவது, சின்ன ரப்பர் குழாய்கள். கிட் கார்ல பிரேக் பூஸ்டரை எடுத்துடுவாங்க. அதுக்குப் போன வேக்யூம் குழாயோட வாயை அடைக்காம விட்டா, அளக்காத காத்து உள்ள போகும், கலவை மெலிஞ்சுடும். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற வேக்யூம் குழாயையும் மாட்ட மறந்துடறாங்க. அது இல்லன்னா பாதி ஆக்சிலரேட்டர்ல ஸ்பார்க் லேட்டா வரும்; எஞ்சின் மந்தமாகும், சூடாகும். ஒரு வேக்யூம் கேஜ் மாட்டினா ஐடிலிங்ல 17-லேர்ந்து 21 அங்குல பாதரசம் அசையாம நிக்கணும். டெல்டா கடல்மட்டத்துக்குக் கிட்ட இருக்கறதால இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கலாம். ஊட்டியில இருந்தா குறைச்சுப் படிக்கணும்.

நடுவுல வர்ற தயக்கம்

இதெல்லாம் சரியா இருந்தும் தயக்கம் இருந்தா, கலவையைப் பார்ப்போம். பழைய மாருதியில சோக் குமிழ் கையால இழுக்கறதுதான். கிட்ல அந்தக் கேபிளைப் போட்டு வெச்சிருந்தா பெரிய உபகாரம். எஞ்சின் நல்லா சூடான பிறகு, தயங்கற அந்த வேகத்துல ஓட்டிக்கிட்டே சோக்கைக் கொஞ்சமா இழுங்க. தயக்கம் குறைஞ்சா கலவை மெலிசு, பெட்ரோல் பத்தல. இன்னும் மோசமானா பெட்ரோல் ஏற்கெனவே ஜாஸ்தி. இந்த ஒரு நிமிஷச் சோதனையைப் பண்ணாம புது கார்புரேட்டர் வாங்கவே கூடாது.

பாபநாசம் கார்ல மெலிசுன்னுதான் நான் நினைக்கறேன். காரணம் எஞ்சின்ல இல்ல, பங்க்ல. இப்போ நாம போடறது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். கரும்பு, மக்காச்சோளத்தோட இந்திய உணவுக் கழகத்துக் கிடங்கு அரிசியும் எத்தனாலுக்குப் போகுது. பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயில்ல நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இன்னும் நிக்குது. அரிசி காருக்கும் சாப்பாடாகும்னு அதைக் கட்டினவங்க கனவுலயும் நினைச்சிருக்க மாட்டாங்க.

சுத்தமான பெட்ரோல் 1 கிலோ முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும். எத்தனாலுக்கு 9 போதும், ஏன்னா அதுக்குள்ளயே ஆக்சிஜன் இருக்கு. இ20-க்குக் கணக்குப் போட்டா சுமார் 13.5 வரும். அதாவது அதே காத்துக்கு 7, 8 சதவீதம் கூடுதலா பெட்ரோல் போகணும். இன்ஜெக்ஷன் காரா இருந்தா, சைலன்சர்ல இருக்கற ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சொல்லும், ஈசியூ கூட்டிக்கும். கார்புரேட்டருக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. அதுல இருக்கறது ஒரு ஓட்டை. எத்தனால் இல்லாத காலத்துப் பெட்ரோலுக்குப் போட்ட ஓட்டை.

மெயின் ஜெட்டைக் கொஞ்சம் பெருசாக்கணும். எவ்வளவுன்னா, பரப்பு 7, 8 சதவீதம் கூடணும். விட்டத்துல அது 4 சதவீதத்துக்குள்ளதான். பல கார்புரேட்டர்கள்ல ஜெட் நம்பர்ங்கறது மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு விட்டம். அப்போ 100 நம்பர் ஜெட்டுக்குப் பதிலா 104. ஊசியை வெச்சுக் குடைஞ்சு பெருசாக்கற வேலை வேண்டாம், ஓட்டையோட வடிவம் கெட்டா கணக்கும் கெடும். பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸையும் அப்படியே மாத்திடுங்க. எத்தனால் அதை உப்ப வைக்கும், வெடிக்க விடும். டிரைவர் முதுகுக்குப் பின்னாடி பெட்ரோல் ஒழுகற கார்ல டியூனிங்கைப் பத்திப் பேசறதுல அர்த்தமே இல்ல.

இன்ஜெக்ஷன் எஞ்சின் போட்டவங்களுக்கு ஒரு வார்த்தை. ஈசியூ பார்த்துக்கும்னு நான் சொன்னது மிதமா ஓட்டும்போதுதான். முழு ஆக்சிலரேட்டர்ல பழைய கம்பெனி ஈசியூ அந்தச் சென்சாரைக் கேக்காது, மனப்பாடம் பண்ணின அட்டவணைப்படி போகும். நீங்க சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாத்தியிருந்தா அட்டவணை பொய்யாயிடும். முழு மிதியில 12.5-லேர்ந்து 13 வரைக்கும் விகிதம் இருந்தாத்தான் நல்ல பவர் வரும். (இது சுத்தமான பெட்ரோல் கணக்கு, வைட்பேண்ட் மீட்டர் பெரும்பாலும் அந்தக் கணக்குலதான் காட்டும்.) அதை அளக்க வைட்பேண்ட் சென்சார் வேணும். காது போதாது.

வளைவுல இருமல்

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, பயமான பகுதியும் இதுதான்.

ஒரு டம்ளர் தண்ணியை மடியில வெச்சுட்டு கார்ல வளைவு திரும்பினா தண்ணி வெளிப்பக்கமா ஏறும். பக்கவாட்டு விசை 1 ஜி ஆனா, அதாவது புவியீர்ப்பு அளவுக்கே ஆனா, தண்ணியோட மேல்மட்டம் சரியா 45 டிகிரி சாயும். மாருதி 800 அதோட ஒல்லி டயர்ல அந்த அளவுக்குப் போகவே போகாது, அதுக்கு முன்னாடியே கீச்சுன்னு கத்தி வழுக்கும். ஆனா தரையோட ஒட்டின, அகல டயர் போட்ட 450 கிலோ கார் 1 ஜி-க்குக் கிட்ட போகும். அப்போ டேங்க்ல இருக்கற பெட்ரோல், கார்புரேட்டர் கிண்ணத்துல இருக்கற பெட்ரோல், சம்ப்ல இருக்கற ஆயில் எல்லாமே 45 டிகிரி சாஞ்சு நிக்கும்.

முதல்ல டேங்க். பாதிக்குக் கீழ பெட்ரோல் இருக்கும்போது மட்டும், ஒரு பக்க வளைவுல மட்டும் இருமினா, உறிஞ்சற குழாய் காத்தை உறிஞ்சுது. டேங்க் நிரப்பிட்டு அதே வளைவுல ஓட்டிப் பாருங்க. இருமல் போச்சுன்னா நோய் கண்டுபிடிச்சாச்சு. டேங்க்குக்குள்ள தடுப்புத் தகடு வைக்கணும், இல்லன்னா உறிஞ்சற இடத்துல ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி தனி அறை வைக்கணும். டேங்க் நிரம்பியிருந்தும் இருமினா கார்புரேட்டரோட ஃப்ளோட் மட்டத்தைப் பாருங்க.

மாணவர்கள் கட்டற ரேஸ் கார்களுக்குன்னு ஃபார்முலா பாரத்னு ஒரு போட்டி கரி ஸ்பீட்வேயில நடக்குது. ஓட்ட விடறதுக்கு முன்னாடி காரை அப்படியே 60 டிகிரி சாய்ச்சுப் பார்ப்பாங்க; ஒரு சொட்டு ஒழுகக் கூடாது. 60 டிகிரிங்கறது சுமார் 1.7 ஜி-க்குச் சமம். அந்தப் போட்டிக்குப் போகாட்டியும் இந்தச் சோதனையை யாரும் பண்ணலாம், நாலு பேரும் ஒரு கயிறும் போதும்.

இப்போ ஆயில். பெட்ரோல் கிடைக்கலன்னா எஞ்சின் இருமும். ஆயில் கிடைக்கலன்னா இருமாது, சத்தமே இல்லாம பேரிங்கைத் தின்னுடும். வளைவுல ஆயில் பிரஷர் லைட் ஒரு நொடி மினுக்கினாலும் அன்னிக்கு ஓட்டறதை நிறுத்துங்க. ஒயர் லூஸா இருக்கும்னு சமாதானம் சொல்லிக்காதீங்க. சம்ப்பைக் கழட்டி, உறிஞ்சற வலையைச் சுத்தி ஆயில் ஓடிடாம தகடு வெல்டிங் பண்ணணும். பலர் அரை லிட்டர் ஆயிலைக் கூட ஊத்தி ஓட்டறாங்க. அது அளவுக்கு மீறினா கிராங்க் அதை அடிச்சு நுரையாக்கும். நுரை பேரிங்கைக் காப்பாத்தாது. அவங்க வளைவு இருமலைப் பத்தி மட்டும்தான் கேட்டாங்க. நான் பயப்படறது அதே வளைவுல சத்தம் போடாத இதுக்குத்தான்.

மதியம் ரெண்டு மணி

சூடான காத்து லேசான காத்து. வெளியில 35 டிகிரி, எஞ்சின் அறைக்குள்ள 60 டிகிரின்னு வெச்சுக்கோங்க. உள்ள இருக்கற காத்தை இழுத்தா அடர்த்தி 7 சதவீதத்துக்கு மேல குறையுது. பவரும் கிட்டத்தட்ட அவ்வளவு. டெல்டாவுல அக்னி நட்சத்திர வெயில்ல இது இன்னும் மோசம். பளபளன்னு கூம்பு ஃபில்டரை எஞ்சின் மேலேயே மாட்டறவங்க காசு கொடுத்து பவரைக் குறைச்சுக்கறாங்கன்னுதான் சொல்வேன். ஒரு குழாய் வெச்சு வெளிக்காத்தை ஃபில்டருக்குக் கொண்டுவாங்க. பெட்ரோல் லைன் சைலன்சர் குழாய்க்குப் பக்கத்துல போகுதான்னும் பாருங்க. அங்க பெட்ரோல் கொதிச்சு ஆவியானா பம்ப் தள்ளாது. நிறுத்திட்டு அரைமணி கழிச்சு ஸ்டார்ட் ஆகுதுன்னா அதுதான்.

கூலிங்ல ஒரு விஷயம் டெல்டாக்காரங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். வயல்ல ஆயில் எஞ்சின் ஓடும்போது டீசல் தீர்ந்துட்டா, திரும்ப ஊத்தினதும் ஸ்டார்ட் ஆகாது. நட்டை லூஸ் பண்ணி ஏர் எடுக்கணும். ரேடியேட்டர் மூக்குல, எஞ்சின் பின்னாடி, நடுவுல தரைக்கடியில நீளக் குழாய்னு இருக்கற கார்லயும் அதே கதைதான். காத்து எப்பவும் உயரமான இடத்துல போய் ஒளிஞ்சுக்கும். அந்த இடத்துல ஒரு ஏர் ஸ்க்ரூ இல்லன்னா எத்தனை தடவை தண்ணி ஊத்தினாலும் குமிழி நிக்கும். சென்சார் அந்தக் குமிழிக்குள்ள மாட்டிக்கிட்டா முள்ளு நார்மல் காட்டும், ஹெட் கொதிச்சுட்டு இருக்கும். ஹெட் கேஸ்கெட் போறது இப்படித்தான்.

அப்புறமா கம்ப்ரஷன்

இவ்வளவும் பார்த்தும் இழுவை வரலன்னா இப்போ எஞ்சினைச் சந்தேகப்படலாம். அப்பவும் பிரிக்க வேண்டாம், கம்ப்ரஷன் கேஜ் போதும். எஞ்சின் சூடா இருக்கணும், மூணு பிளக்கும் கழட்டியிருக்கணும், ஸ்பார்க்கையும் பெட்ரோலையும் துண்டிச்சுட்டு ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டே செல்ஃப் அடிக்கணும். மூணு சிலிண்டருக்கும் நடுவுல 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா குறைஞ்ச சிலிண்டர்ல ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்க. எண் ஏறினா ரிங்கோ போரோ தேஞ்சிருக்கு. அந்த மெக்கானிக் சொன்னது சரி. ஏறலன்னா வால்வு, ஹெட் வேலையோட முடியும், போர் பக்கம் போகவே வேண்டாம்.

எங்க ஓட்டிப் பார்க்கறதுன்னு அடுத்த கேள்வி வரும். ரோட்டுல வேண்டாம். இந்தக் கார் ரெஜிஸ்டர் ஆகாது. புது மாடல்னா அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்துல டைப் அப்ரூவல் வாங்கணும், மாருதியோட பழைய ஆர்சி புக்கை இதுக்குக் காட்ட முடியாது. இன்ஷூரன்ஸும் கிடைக்காது. தஞ்சாவூர்–கும்பகோணம் ரோட்டுல எதிர்ல வர்ற பஸ்ஸுக்கு உங்க டியூனிங் தெரியாது. டிராக்குக்கு டிரெய்லர்ல கொண்டுபோங்க, இல்லன்னா அனுமதியோட தனியார் இடத்துல ஓட்டுங்க.

அங்க போனதும் ஒரே கியர்ல, மூணாவதுன்னு வெச்சுக்கோங்க, 2,500 ஆர்பிஎம்-லேர்ந்து 5,000 வரைக்கும் எத்தனை செகண்ட்னு போன்ல வீடியோ எடுத்து எண்ணுங்க. காத்து ஒரு பக்கமா அடிக்கும், அதனால போக வர ரெண்டு திசையிலயும் ஓட்டி சராசரி எடுங்க. அன்னிக்கு வெயில் எத்தனை டிகிரி, டேங்க்ல எவ்வளவு பெட்ரோல்னு பக்கத்துலயே எழுதுங்க. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்: ஜெட்டையும் டைமிங்கையும் ஒரே நாள்ல மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. எதையுமே மாத்தாம மூணு தடவை ஓட்டி, அந்த மூணு எண்ணுக்குள்ள எவ்வளவு வித்தியாசம் வருதுன்னு முதல்ல பாருங்க. புது ஜெட்ல கிடைக்கற முன்னேற்றம் அதைவிடச் சின்னதா இருந்தா, அதை இன்னும் கணக்குல சேர்க்காதீங்க.